மெஷின் தாளமும் ஜெஃப் பெக்கின் விரலும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன், குறிப்பாக அவருடைய 54-வது வயதைப் பற்றி.

1965-ல் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் விலகிய இடத்துக்கு யார்ட்பேர்ட்ஸ் ராக் குழுவில் வந்து சேர்ந்தவர். 1975-ல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில், பாடகரே இல்லாமல் ‘ப்ளோ பை ப்ளோ’ என்று ஓர் ஆல்பம் போட்டு அமெரிக்கப் பட்டியலில் 4-ம் இடம் வரைக்கும் போனவர். அதையே ஊர் ஊராக வாசித்துக்கொண்டு இருந்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். ஆனால் 54 வயதில், 1999-ல், ‘ஹூ எல்ஸ்!’ ஆல்பத்தில், அப்போது இங்கிலாந்தின் நடன அரங்குகளில் அதிர்ந்துகொண்டிருந்த டெக்னோ என்ற எலக்ட்ரானிக் நடன இசைத் தாளத்தை எடுத்துத் தன் கிட்டாருக்கு அடியில் வைத்தார். கூடவே மிடி கிட்டாரோடு, அதாவது சிந்தசைசர் ஒலிகளை எழுப்பும் கிட்டாரோடு, ஜெனிஃபர் பேட்டன்.

முதலில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. ப்ளூஸ் வாசித்த கை, இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. அப்புறம் ஒருநாள் ராத்திரி ஹெட்போனில் கேட்டபோதுதான் பிடிபட்டது. நம் கச்சேரியில் சுருதி அசையாமல் நிற்பதால்தானே பாடகர் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு அசைக்கிறார் என்று தெரிகிறது? டிரம்மர் என்றால் கிட்டாரோடு சேர்ந்து கொஞ்சம் முந்துவார், கொஞ்சம் பிந்துவார். புரோகிராம் செய்த தாளம் அப்படி எதுவும் செய்யாது, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் உயிருள்ள அசைவு முழுக்க அந்த ஒரு கையில் வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தக் கையைச் சொல்லியே ஆக வேண்டும். தந்தியை மீட்ட உதவும் சின்ன வில்லையான பிக் கிடையாது. கட்டைவிரலால் தந்தியை மீட்டுவார், இன்னொரு விரல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் வால்யூம் திருகில் இருக்கும், ஸ்வரத்தை வளைக்கும் கம்பியான வேமி பாரும் அதே கையில். வால்யூமை மூடி வைத்து மீட்டிவிட்டுப் பிறகு மெல்லத் திறந்தால், தந்தியைத் தட்டிய சத்தமே கேட்காது. தொண்டையிலிருந்து எழுவது போல ஸ்வரம் எழும். உடனே பாரை லேசாக அழுத்தினால் அது வளைகிறது. கமகம் என்றே சொல்வேன், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் ஒன்றுகூடி நிற்பது அடுத்த ஆல்பமான ‘யூ ஹேட் இட் கமிங்’கில் உள்ள ‘நாடியா’வில். அது பிரிட்டிஷ் இந்திய இசையமைப்பாளர் நிதின் சாஹ்னியின் இசை; மூலத்தில் வேகமான எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் சுவாதி நடேகர் ஹிந்துஸ்தானி பாணியில் பாடியிருப்பார். அந்தக் குரல் போன பாதையைத்தான் பெக் கிட்டாரில் பிடிக்கிறார். இது திடீரென்று வந்த ஆசையும் இல்லை. 1965-லேயே யார்ட்பேர்ட்ஸின் ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பதிவுக்கு சித்தார் வாசிப்பவர் வரவழைக்கப்பட்டு, அது சரியாக அமையாமல் போக, அந்தச் சித்தார் வரியை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் வைத்த கிட்டாரில் வாசித்துக் கொடுத்தவர் இவர்தான்.

எல்லாமே கைகூடியது என்று சொல்ல மாட்டேன். 2003-ல் வந்த ‘ஜெஃப்’ ஆல்பத்தில் சில இடங்களில் மெஷின் சத்தம் கிட்டாரை மூடிவிடுகிறது. அதில் உள்ள ‘பிளான் பி’க்குத்தான் கிராமி கிடைத்தது, இருந்தாலும் எனக்கு அந்த ஆல்பம் அவ்வளவாக ஒட்டவில்லை. ‘ஹூ எல்ஸ்!’ அப்படி இல்லை. அத்தனை டெக்னோவுக்கு நடுவில் ‘பிரஷ் வித் த ப்ளூஸ்’ என்று மேடையில் பதிவான சுத்தமான ப்ளூஸ் ஒன்றும் இருக்கிறது, இரண்டிலும் அதே கை.

சரி, இப்போது முதலில் சுவாதி நடேகரின் குரலைப் போடுகிறேன், அது முடிந்ததும் பெக்கின் கிட்டார். தாளத்தை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள்.