பில் காலின்ஸ் 'பூமர் பாட்டு'க்காரரா? தேவகோட்டைத் தம்பியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் தேவகோட்டைத் தம்பி ஒருவர் அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பது இதுதான்: "ஐயா, எங்கள் அப்பச்சியின் காரில் எப்போதும் பில் காலின்ஸ் பாட்டுதான் ஓடும். கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கல்லூரி விடுதியில் போட்டால், 'பூமர் பாட்டு, நிறுத்துடா' என்று சிரிக்கிறார்கள். அவர் உண்மையிலேயே பெரிய கலைஞர்தானா, அல்லது பழக்கத்தால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?"

தம்பி, இங்கிலாந்தைச் சேர்ந்த இந்த டிரம்ஸ் கலைஞரும் பாடகருமானவர் பெரிய கலைஞர்தான். உங்கள் நண்பர்கள் சிரிப்பது அவருடைய குரலைக் கேட்டு; அவரை அளக்க வேண்டிய இடம் அவருடைய கைகள். 1970-இல் ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவில் அவர் சேர்ந்தது டிரம்ஸ் வாசிக்கத்தான். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகிய பிறகு, அந்த இடத்துக்குப் பலரைப் பாடவைத்துப் பார்த்தும் ஒருவரும் பொருந்தாமல் போகவே, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முன்னே வந்து பாட நேர்ந்தது. அதன் பிறகும் அவர் பாட்டைத் தாளத்திலிருந்துதான் கட்டினார். ஜெனிசிஸ் 1980-இல் வெளியிட்ட 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாடலை ஒரு முறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வானொலியில் ஓடி வெற்றி பெற்ற எளிய பாட்டு போலத்தான் காதில் விழும். எண்ணத் தொடங்கினால் நான்கு நான்காகப் போகாமல் பதின்மூன்றில் வந்து முடியும். ஐந்தாக எண்ணும் கண்ட சாப்பும் ஏழாக எண்ணும் மிஸ்ர சாப்பும் கேட்டு வளர்ந்த நமக்கே ஒரு கணம் கை தடுமாறுகிறது. தாளம் இப்படிப் புரளுவது பொதுமக்களுக்குத் தெரியாத அளவுக்கு வழுவழுப்பாக வாசித்துக் கொடுப்பது சாமானிய வித்தை அல்ல.

அடுத்து, நம் ஊர்க்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில், கல்யாணத்துக்குப் பந்தி போடும் நீளக் கூடம் ஆளில்லாமல் கிடக்கும்போது அதன் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி போல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர்; தட்டிய ஓசை உடனே அடங்காமல் சுவருக்குச் சுவர் மோதி, மெல்ல மெல்லத் தேய்ந்துதான் மறையும். அந்த ஓசை பெருகி நிற்கும் வேளையில், தேய்வதற்கு முன்பே யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல் சட்டென்று அமைதியாகிவிட்டால் எப்படி இருக்கும்? 'கேட்டட் ரிவெர்ப்' என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்வது இதைத்தான். பீட்டர் கேப்ரியல் 1980-இல் வெளியிட்ட தனி ஆல்பத்துக்காக லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தபோது, உள்ளே இருப்பவர்கள் பேசுவது பதிவாளருக்குக் கேட்பதற்காக மேலே தொங்கவிட்டிருந்த மைக் திறந்திருக்க, அதன் வழியாகக் காலின்ஸ் வாசித்த டிரம்ஸ் நசுக்கிப் பிழிந்ததுபோல் பூதாகரமாகக் கேட்டது. அதைப் பிழை என்று ஒதுக்காமல், பதிவாளர் ஹ்யூ பேட்ஜம் அந்த ஓசையின் வாலை நறுக்கும் கருவியைச் சேர்த்தார். காலின்ஸ் அந்த ஓசைக்கு ஏற்றபடி, இடைவெளி விட்டு வாசித்தார். அந்த ஆல்பத்தில் டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டான சிம்பலே கூடாது என்று கேப்ரியல் நிபந்தனை விதித்திருந்ததால், ஒவ்வோர் அடியும் தனித்தனியாக நின்றது. பிறகு எண்பதுகள் முழுக்க உலகமே அந்த அடியைப் பின்பற்றியது. உங்கள் நண்பர்கள் இன்று 'ரெட்ரோ' என்று ரசிக்கும் பாடல்களில் டிரம்ஸ் அப்படி ஒலிப்பதற்கு இந்த மனிதரும் ஒரு காரணம்.

1981-இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ'வில் உள்ள 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் இதை முழுமையாகக் கேட்கலாம். முதல் திருமணம் முறிந்த காலத்து வேதனையில் பிறந்த பாட்டு அது. தொடக்கத்தில் ஒரு சிறிய டிரம் மெஷின் மட்டும் தட்டிக்கொண்டிருக்க, மேலே ஒரு சின்தசைசர் மூட்டம் போல் படர, அவர் ஏறக்குறைய முணுமுணுத்துப் பாடுகிறார். உலகத்தின் தேர்ந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர், தன் சொந்த ஆல்பத்தின் முதல் பாட்டில், மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக டிரம்ஸைத் தொடாமல் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகுதான் அந்த அடி இறங்குகிறது. ஆர்ப்பாட்டத்துக்காக வாசிப்பவருக்கு இந்த அடக்கம் வராது. நம் கச்சேரிகளில்கூட, தனி ஆவர்த்தனம் வரும்வரை பாடகருக்குத் துணையாகப் பொறுமையாக வாசிக்கும் மிருதங்க வித்துவானிடம்தான் இந்தக் குணத்தைப் பார்த்திருக்கிறேன். இதே ஆல்பத்தில் வயலின் வாசித்திருப்பவர் சென்னையில் பிறந்த எல். சங்கர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் இசையையும் மேற்கத்திய இசையையும் இணைத்த 'சக்தி' குழுவில் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமுடன் வாசித்த அதே சங்கர்தான்.

பிறகு ஏன் இந்த ஏளனம்? 1985-ஆம் ஆண்டைப் பார்த்தால் புரியும். பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சிக்காக ஒரே நாளில் லண்டனில் பாடிவிட்டு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்ட் விமானம் ஏறி அமெரிக்காவுக்குப் போய், பிலடெல்பியாவிலும் மேடையேறினார். அதே ஆண்டில் அவருடைய சொந்த ஆல்பம், கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்காக அவர் தயாரித்த ஆல்பம் என்று, வானொலியைத் திருப்பிய இடமெல்லாம் அவர் பெயராகவே இருந்தது. கந்தரப்பமே ஆனாலும் மூன்று வேளையும் இலையில் விழுந்தால் திகட்டத்தான் செய்யும். அவருடைய காதல் பாடல்களில் சில அளவுக்கு மீறி இனிக்கின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவற்றை நான் தாண்டித்தான் போகிறேன். ஆனால் நம் இளைஞர்களுக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தத் திகட்டல்கூட இல்லை. அந்தக் காலத்தில் திகட்டிப்போனவர்கள் சொன்ன சொல் மட்டும்தான். பலகாரத்தைத் தின்று பார்க்காமல், திகட்டும் என்ற பேச்சை மட்டும் நம்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. கழுத்து எலும்பில் ஏற்பட்ட பாதிப்பால், 2009 வாக்கில் அவருடைய கைகள் குச்சியைப் பிடிக்கும் வலுவை இழந்தன. அதற்குப் பிறகும், சிறுவயதில் தனக்குப் பிடித்த பழைய அமெரிக்கப் பாடல்களை ஓர் ஆல்பமாகப் பதிவுசெய்ய, கையோடு குச்சியை டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசித்தார். 2022 மார்ச் மாதம் லண்டனில் ஜெனிசிஸ் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியபோது, அவர் நாற்காலியில் அமர்ந்து பாட, அவருக்குப் பின்னால் அவருடைய இருக்கையில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன். அந்தக் காணொளியை நான் இரண்டு முறை பார்த்தேன்; இரண்டு முறையும் அவர் முகத்தைவிட, மடியில் சும்மா கிடந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதியில் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள், தம்பி. 2020-இல் அமெரிக்காவில் இரண்டு இளம் சகோதரர்கள் 'இன் தி ஏர் டுநைட்' பாடலை முதன்முறையாகக் கேட்பதைத் தாங்களே படம் பிடித்து வெளியிட்டார்கள். அந்த அடி விழுந்ததும் அவர்கள் திடுக்கிட்டு மலர்ந்ததைக் கண்டு, நாற்பது ஆண்டு பழைய அந்தப் பாட்டை மக்கள் மறுபடியும் தேடி வாங்கினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் போட வேண்டாம், அதில் அந்த அடி தகரம் தட்டியதுபோல்தான் கேட்கும். அதிகம் சிரிப்பவர் காதில் நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மூன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்று முன்பாக அவர் முகத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் படிக்கிறேன்.