எதையும் அழிக்காதீர்கள், முதலில் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அல்லது படம் இருக்க வேண்டிய இடம் காலி. அல்லது எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு, அனுப்புவதற்கான பொத்தானையே காணோம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் யோசிக்காமல் ஒரு வைத்தியம் சொல்வார்: "கேச்சை கிளியர் பண்ணு, குக்கீயை அழி, சரியாயிடும்." பார்த்த பக்கங்களின் கோப்புகளைப் பிரவுசர் சேமித்து வைப்பது கேச். உங்களை அடையாளம் காண ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு குக்கீ. இந்த வைத்தியத்தோடுதான் எனக்கு வெகுநாள் தகராறு.

சில நேரம் அது பலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் குக்கீயை மொத்தமாக அழித்தால் நீங்கள் நுழைந்து வைத்திருந்த எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். பாதிக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், கோளாறு எதனால் வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். திருட்டு நடந்த வீட்டை, போலீஸ் வருவதற்குள் கழுவித் துடைத்து வைக்கிற வேலை இது. அடுத்த வாரம் அதே கோளாறு மறுபடியும் வரும், நீங்கள் மறுபடியும் கழுவுவீர்கள்.

சரி, முதலில் என்ன செய்யலாம்? எதையும் மாற்றாமல், எதையும் அழிக்காமல் பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. மிக எளியது ஜூம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுழியத்தை, அதாவது ஜீரோவை, ஒரு தட்டு தட்டுங்கள். பக்கம் 100 சதவீத அளவுக்குத் திரும்பிவிடும். கண்ட்ரோல் விசையில் விரல் பட்டிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் பக்கம் பெரிதாகிவிடும். உருட்டியவருக்கே அது தெரியாது. பிரவுசர் அந்த அளவை அந்தத் தளத்துக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் "மற்ற தளமெல்லாம் சரியாக இருக்கிறது, இது மட்டும்தான் கோணலாக இருக்கிறது" என்று பலர் தளத்தைத் திட்டுகிறார்கள்.

அடுத்த சோதனை பிரைவேட் விண்டோ. குரோமில் இதற்கு இன்காக்னிட்டோ என்று பெயர். ரகசியமாக எதையோ பார்ப்பதற்கான ஜன்னல் என்று நினைத்து நல்லவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு அது பரிசோதனைக் கருவி. அந்த ஜன்னலில் பழைய குக்கீ கிடையாது, பழைய கேச் கிடையாது, நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்களும், அதாவது பிரவுசரில் நாம் சேர்த்துக்கொண்ட கூடுதல் கருவிகளும், பெரும்பாலும் ஓடாது. கோளாறான பக்கத்தின் முகவரியை அங்கே ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் தளத்தின் மீது குற்றமில்லை, உங்கள் பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். அங்கேயும் கோணல் என்றால் வேறு பிரவுசரில் பாருங்கள், அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். எல்லா இடத்திலும் கோணல் என்றால் தளத்தை நடத்துகிறவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் எதை அழித்தும் பிரயோஜனமில்லை.

வேறு பிரவுசர் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குரோமில் சரியில்லை, எட்ஜில் பார்த்தேன், அதிலும் அப்படியே என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட புதிய எட்ஜிலிருந்து குரோமும் எட்ஜும் உள்ளே குரோமியம் என்ற ஒரே அடிப்படை மென்பொருள்தான். ஓப்பரா, பிரேவ் இரண்டும் அதே இனம். உண்மையிலேயே வேறு ஆளிடம் கேட்க வேண்டுமானால் ஃபயர்பாக்ஸிலோ சஃபாரியிலோ பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதற்கு என் அக்கா மகளின் கதையைச் சொல்ல வேண்டும். வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஆளெடுப்பு அறிவிப்பு வந்திருந்தது. தோழிகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இவள் கணினியில் மட்டும் மேலே தலைப்பு இருக்கிறது, கீழே தொடர்பு முகவரி இருக்கிறது, நடுவில் வெறும் வெள்ளை. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. "மாமா, வேலை எல்லோருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல" என்றாள்.

என்னிடம் வருவதற்கு முன்பே வைத்தியங்கள் நடந்து முடிந்திருந்தன. கேச், குக்கீ எல்லாம் அழித்தாயிற்று. பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவியாயிற்று. அப்படியும் அதே வெள்ளை. இங்கேதான் கவனிக்க வேண்டும். புதிதாக நிறுவியதும் தன் கணக்கில் நுழைந்திருக்கிறாள். நுழைந்தவுடன் புக்மார்க்குகள் திரும்பி வந்தன, சந்தோஷம். கூடவே பழைய எக்ஸ்டென்ஷன்களும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துவிட்டன. நோயை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"அதே முகவரியை இன்காக்னிட்டோவில் திற" என்றேன். திறந்தாள். அறிவிப்பு பளிச்சென்று இருந்தது. அப்புறம் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யச் சொன்னேன். ஒவ்வொன்றாக, நேயர்களே, எல்லாவற்றையும் சேர்த்து அல்ல. விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனை அணைத்ததும் வெள்ளை மறைந்தது. அது பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை, ஒரு பெரிய பட்டியலை வைத்துக்கொண்டு முகவரிகளையும் பெயர்களையும் ஒப்பிடுகிறது. அந்த நிறுவனம் அறிவிப்பை ஒரு படமாகப் போட்டிருந்தது. படக்கோப்புக்கு யாரோ 'அட்வர்டைஸ்மெண்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தடுப்பான் தன் கடமையைச் செய்துவிட்டது! அதை நீக்கத் தேவையில்லை, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும். கொடுத்தாள், விண்ணப்பித்தாள்.

சரி, கேச்சே காரணமாக இருக்கும் கோளாறும் உண்டு, அதற்கு ஒரு முகம் உண்டு. பக்கம் வெள்ளைப் பின்னணியில், இடது ஓரமாக மேலிருந்து கீழே நீளமாக ஓடும். இணைப்புகள் எல்லாம் நீல நிறத்தில் அடிக்கோட்டோடு இருக்கும். வண்ணம் இல்லை, கட்டம் இல்லை. இதன் அர்த்தம், உள்ளடக்கம் வந்துவிட்டது, அலங்காரக் கோப்பு வரவில்லை என்பது. இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. அலங்காரத்தைப் பிரித்து எழுதும் சிஎஸ்எஸ் முறையை ஹோகன் வியும் லீ 1994ல் முன்மொழிந்தார். அதற்கு முன் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. தளத்தைப் புதுப்பித்திருப்பார்கள், உங்கள் பிரவுசர் கேச்சில் உள்ள பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு, இப்போது இல்லாத பழைய அலங்காரக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும். அப்போதும் மொத்தமாக அழிக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர் விசையைத் தட்டினால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து வரும். போதவில்லை என்றால் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்தின் தரவை மட்டும் நீக்கலாம்.

தமிழ் எழுத்து கெட்டுத் தெரிவது எனக்குப் பிடித்த விஷயம், சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். 'தமிழ் வரவில்லை' என்ற ஒரே புகாருக்குள் வேறுவேறு நோய்கள் இருக்கின்றன. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்து சரியாக வந்திருக்கிறது, காட்ட எழுத்துரு இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் தனியே, புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு தொங்கினால், சேர்த்து வரையும் மென்பொருள் பழையது, அல்லது தட்டச்சு செய்தவர் கொம்பை முதலில் தட்டிவிட்டார். மூன்றாவதுதான் வேடிக்கை. திரை முழுக்க, தலையில் சாய்கோடு வைத்த ஆங்கிலச் சின்ன ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் ஏ, மறுபடியும் ஆர். பார்த்திருப்பீர்கள். யூனிகோட் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் இணையத்தில் வழக்கமாக மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சிறு எண்களாக, பயணம் செய்கிறது. முதல் பைட்டு எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். அவற்றை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகப் படித்தால் அந்த ஏயும் ஆரும்தான் வரும். ஆகவே அந்தக் குப்பையைப் பார்த்தால் பயப்படாதீர்கள், உங்கள் தமிழ் பத்திரமாக உள்ளே இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் வியூ மெனுவில் குறியாக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. திஸ்கி, டாம், டாப் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் உள்ள பக்கங்களுக்கு மட்டும் அது போதாது, அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவி வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு இறக்கிய கதை...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், ஓட வேண்டியதுதான். கடிகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, கணினியின் தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும், படங்கள் வராமல் போகலாம், தேதியைப் பாருங்கள். உருட்டும்போது கறுப்புத் திட்டுகள் மின்னினால் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். தளத்தின் மீதுதான் குற்றம் என்று தெரிந்துவிட்டால், 'உங்கள் தளம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தின் முகவரி, பிரவுசரின் பெயரும் பதிப்பு எண்ணும், பிரைவேட் விண்டோவில் எப்படித் தெரிந்தது, ஒரு ஸ்கிரீன்ஷாட், இவ்வளவும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் கணக்கு எண் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.