மூன்று வட்டியும் பன்னிரண்டு சதவீதமும்

வணக்கம் நேயர்களே. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் சேமிப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிறுதுளி, உண்டியல், எறும்பு என்று மடமடவென்று வந்து விழும். "உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் எவ்வளவு வருகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முழிப்பார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. "அதெல்லாம் உனக்கெதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லி வைத்திருப்பது நாம்தானே. ஆனால், கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது "அப்பா ஊரில் இல்லைன்னு சொல்லு" என்று அனுப்புவதும் அதே பிள்ளையைத்தான். பணம் என்றால் மறைக்க வேண்டிய ஒன்று என்று அங்கேயே பதிந்துவிடுகிறது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பள்ளிகளுக்குப் பேசப் போகிறேன். நான் சேமிப்பில் தொடங்குவதில்லை, வட்டியில்தான் தொடங்குவேன். ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் தருகிறார், வங்கி பன்னிரண்டு சதவீதத்துக்குத் தருகிறது, எது மலிவு? "மூன்றுதான் சார்!" என்று வகுப்பே கத்தும். நம் ஊரில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். இதைச் சொன்னதும் சத்தம் அடங்கிவிடும்.

அடுத்தது தண்டல். பத்தாயிரம் ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பதினைந்து சதவீதம்தானே?" என்பார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே போகிறது, எல்லாம் நூறு நாளில் முடிகிறது என்பதைச் சேர்த்துப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அம்மா காய்கறிக் கடைக்கு வாங்கும் தண்டல் இதுதான் என்று புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, 'வட்டியே இல்லை' என்று விற்கும் செல்போன் தவணையில் பிராசஸிங் கட்டணம் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்துவிடும்.

அப்புறம் கைச்செலவுப் பணம். கேட்கும்போதெல்லாம் ஜிபே பண்ணுவதை விட, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்து போனால் போகட்டும், நடுவில் நிரப்பாதீர்கள். பாட்டி ரகசியமாகக் கொடுப்பார், அதைத் தடுக்க என்னிடம் வழி இல்லை!

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் தமிழ்நாட்டில் வந்தன. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன். அந்தப் பணம் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஏடிஎம் கார்டை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு, பிள்ளைக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்று சொன்னால் எப்படி?

கல்லூரி வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்து வயது நிறைந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், கார்டு உண்டா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். கவுன்ட்டரில் கேள்வியையும் அவர்களே கேட்கட்டும், நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்காருங்கள். பதினெட்டு நிறைந்ததும் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.