கூடத்தை அளந்தது யார்?

(நுகர்வோர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு இடையிலும் வருகை தந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றி அளித்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பாக மின்கட்டணக் குறைகளைப் பற்றி அரியதோர் உரை நிகழ்த்தி, அந்த ஆர்வத்தில் என்னுடைய நேரத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஓட்டுநர் நினைக்காமலேயே கார் திடீரெனப் பாய்ந்து நேரும் விபத்துகளைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஓட்டுநரின் கால் செய்யும் பிழை ஒன்று. காருக்குள் இருக்கும் கணினி செய்யக்கூடிய பிழை இரண்டு. இழப்பீட்டு வழக்கில் எதை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டச் சிக்கல் மூன்று.

“நான் பிரேக்கைத்தான் மிதித்தேன், கார் தானாகப் பாய்ந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் தோன்றுவது ஐயம், அடுத்துத் தோன்றுவது சிரிப்பு. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழி அந்த இடத்தில் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்தே தீரும். அந்தப் பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம் நான் பல மேடைகளில் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு: கூடத்தை அளந்தது யார்?

அமெரிக்காவில் நடந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, ஜெர்மானிய நிறுவனமான ஆடி (Audi) தயாரித்த ஆடி 5000 என்ற கார் ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறிப் பாய்வதாக ஒரு தொகுப்பை ஒளிபரப்பியது. தன் ஆறு வயது மகனைக் கார் நிறுத்தும் கொட்டகையில் மோதி இழந்த தாய் ஒருவர் அதில் பேசினார், நாடே கலங்கியது. அந்தத் துயரத்தோடு ஒரு செய்முறை விளக்கமும் காட்டப்பட்டது: யாருடைய காலும் படாமல் ஆக்ஸிலரேட்டர் தானாகக் கீழே இறங்குகிறது, இன்ஜின் உறுமுகிறது. கண்ணால் பார்த்த பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? பிற்பாடு வெளிவந்த உண்மை என்ன தெரியுமா? வழக்குத் தொடுத்தவர்களின் சார்பில் சாட்சி சொல்லிவந்த வல்லுநர், அந்தக் காரின் கியர்பெட்டியில் துளையிட்டு, வெளியிலிருந்து அழுத்தமான காற்றைச் செலுத்தித்தான் ஆக்ஸிலரேட்டரை இறங்க வைத்திருந்தார்! துளையும் காற்றுக்குழாயும் பார்வையாளர்களுக்குக் காட்டப்படவில்லை. (சிரிப்பு.) 1985இல் அமெரிக்காவில் 74,000க்கு மேல் விற்ற ஆடி கார்கள், 1991இல் சுமார் 12,000 ஆகச் சரிந்தன. இடையில் நிறுவனம் அந்தக் காரின் 5000 என்ற பெயரையே கைவிட்டு 100 என்றும் 200 என்றும் மாற்றிப் பார்த்தது. பெயரை மாற்றினால் பழி போய்விடும் என்ற நம்பிக்கை ஜெர்மானியருக்கும் இருக்கிறது போலும்! (சிரிப்பு, கைத்தட்டல்.) அந்தத் தாயின் வழக்கை விசாரித்த ஒஹாயோ மாநில ஜூரிகள், காரில் குறையில்லை என்றே 1988இல் முடிவு சொன்னார்கள்.

1989இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வறிக்கையும், ஓட்டுநர்கள் பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று கூறியது. ஐயப்பட்டவர்கள் வென்றார்கள் என்றுதான் ஊர் பேசியது. ஆனால் அதே அறிக்கையில் ஊர் படிக்காத பக்கங்கள் உண்டு. ஓட்டுநர் கேட்காமலேயே இன்ஜின் வேகம் சற்று எகிறித் திடுக்கிட வைக்கும் கோளாறு அந்தக் கார்கள் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவியில் இருந்ததும், அமெரிக்கர் பழகியிருந்த கார்களிலிருந்து அதன் மிதிகளின் அமைப்பு வேறுபட்டிருந்ததும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. கூடமும் கொஞ்சம் கோணல்தான், ஐயா! பிரேக்கை மிதித்தால்தான் கியர் நகரும் என்ற பூட்டு அந்தக் கார்களில் பொருத்தப்பட்ட பின்னர் இத்தகைய புகார்கள் குறைந்தன. இன்று தானியங்கி கியர் உள்ள கார்களில் நீங்கள் காணும் பூட்டு அதுவே.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஷ்மிட் இதை 1989இல் விளக்கினார். மூளை சரியான மிதியைத்தான் தேர்கிறது; காலின் அசைவில் நேரும் சிறு பிசகு அதை அடுத்த மிதியில் கொண்டுபோய் வைக்கிறது; கார் பாய்ந்ததும் அச்சத்தில், பிரேக் என்று நம்பிய அதே மிதியை இன்னும் பலமாக அழுத்துகிறோம். ஆகவே “பிரேக்கைத்தான் மிதித்தேன்” என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பொய்யர் என்றும், பெண் ஓட்டினால் இப்படித்தான் என்றும், கிழவருக்கு ஏன் கார் என்றும் ஏளனம் செய்பவர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானித்துக் கவனிக்கவேண்டும்.

இனி டொயோட்டாவுக்கு வருகிறேன். 2009 ஆகஸ்ட் 28ஆம் நாள், சான் டியேகோ அருகே, பணியில் இல்லாத நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு சென்ற, டொயோட்டாவின் தயாரிப்பான லெக்ஸஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி நால்வரும் மாண்டனர். ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று அவர்கள் அவசரத் தொலைபேசியில் கதறிய குரல் பதிவாகியிருக்கிறது. வேகத்தைக் கையாளும் பயிற்சி பெற்ற காவலரைப் பார்த்து ஆடத் தெரியாதவர் என்று யார் சொல்வது? அது விற்பனையகம் இரவலாகக் கொடுத்த கார். வேறொரு மாடலுக்கு உரிய தரைவிரிப்பு அதில் போடப்பட்டிருந்து, அதில் மிதி சிக்கியிருந்தது. சில நாட்களுக்கு முன் அதே காரை ஓட்டிய இன்னொருவர் இதே குறையை விற்பனையகத்தில் சொல்லியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. ஆக்ஸிலரேட்டர் முழுதும் திறந்திருக்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அதற்கு உதவும் வெற்றிட விசை தீர்ந்துபோகும் என்பதையும், ஓடும்போது இன்ஜினை அணைக்க அந்தக் காரின் பொத்தானை மூன்று விநாடி விடாமல் அழுத்தவேண்டும் என்பதையும் எத்தனை ஓட்டுநர்கள் அறிவார்கள்? பிரேக்கை ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளவேண்டும் என்பதை வீட்டில் கார் ஓட்டுபவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

அடுத்து கணினி. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் பொறியாளர்கள், டொயோட்டா கார்க் கணினியின் 2,80,000 வரிகளுக்கு மேற்பட்ட மென்பொருளை ஆராய்ந்து, மின்னணுக் கோளாறுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவித்தனர். சான்று கிடைக்காததால் அப்படி நேரவே முடியாது என்று பொருளாகாது என்றும் எழுதினர். 2013 அக்டோபரில் ஓக்லஹாமா மாநில ஜூரிகள், மின்னணுக் கோளாறே காரணம் என்று தொடுக்கப்பட்ட ஒரு டொயோட்டா கேம்ரி கார் வழக்கில் நிறுவனத்திற்கு எதிராக 30 லட்சம் டாலர் விதித்தனர். மிதிக் குறைகளைப் பற்றி மக்களுக்கு உண்மையை மறைத்ததற்காக 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் தண்டம் கட்ட அந்த நிறுவனம் இணங்கியது. இதைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் நம் மன்றத்தின் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன். மூன்றாவதாகச் சொன்ன சட்டச் சிக்கலை நீதியரசர் அவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

விபத்துக்கு முந்தைய சில விநாடிகளில் எந்த மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதைப் பதியும் கருப்புப் பெட்டி ஒன்று இன்றைய கார்கள் பலவற்றில் உண்டு. கூடத்தை அளக்கும் அளவுகோல் அதுவே. அமெரிக்க அரசு 2010இல் 58 டொயோட்டா கார்களின் பெட்டிகளைப் படித்தபோது, 35இல் பிரேக் தொடப்படவே இல்லை என்று தெரிந்தது. ஐயப்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் ஏது? ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதற்குமாக அந்தப் பெட்டியைப் படிக்க இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி, அதுவும் டொயோட்டாவின் கையில்! அளவுகோலைக் கூடத்தின் சொந்தக்காரரே பூட்டி வைத்துக்கொண்டால் ஆடியவள் என்ன செய்வாள்? (கைத்தட்டல்.)

சியோல் நகர மண்டபம் அருகே 2024 ஜூலை 1 அன்று ஒன்பது பேரைக் கொன்ற கார் தானாகப் பாய்ந்தது என்றார் அதன் ஓட்டுநர். தடயவியல் ஆய்வில் அவருடைய வலது காலணியின் அடியில் ஆக்ஸிலரேட்டரின் தடமே காணப்பட்டது. அதற்குப் பிறகு கொரிய மக்கள் தங்கள் கால்களையே படமெடுக்கும் கேமராக்களைக் கார்களில் பொருத்தத் தொடங்கினர். நிறுவனத்தையும் நம்பாமல், தம் நினைவையும் நம்பாமல் அவர்கள் செய்த இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கார் விலையிலேயே அடங்கியிருக்கும் பெட்டி பேசாத காரணத்தால் குடிமக்கள் தனியாகக் கேமரா வாங்கவேண்டும் என்பது முறையா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இந்தப் பெட்டி கட்டாயம். அதில் உள்ள தரவு காரின் உரிமையாளருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015இல் சட்டம் செய்தது. தானியங்கி கியர் கார்களும் மின்சாரக் கார்களும் நம் சாலைகளில் பெருகிவரும் இந்நாளில் நம் மன்றம் கேட்பதும் இவைதான்: பெட்டி இருக்கவேண்டும், அதன் தரவு உரிமையாளருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும், அதைப் படிக்கும் கருவி, நிறுவனத்தைச் சாராத ஆய்வகத்திலும் இருக்கவேண்டும். மனுவின் படிகள் வாயிற்புறத்து மேசையில் வைக்கப்பட்டுள்ளன. கையொப்பத்துக்குக் கீழே உங்கள் காரின் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் தவறாமல் எழுதுங்கள்; எந்தெந்த மாடல்களில் பெட்டி இருக்கிறது, அதைப் படிக்க யாரிடம் கருவி இருக்கிறது என்று நிறுவனங்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுத அந்தப் பட்டியல் எங்களுக்குத் தேவை. வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.