பாலைப்பழம் தின்ன முதல் எண்ணெய் பூசுங்கோ

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

பாலையூற்றிலிருந்து யார் யார் வந்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கோ. சரி, ஏழெட்டுப் பேர். உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற பாலை என்ன என்று கேட்டால், முன்வரிசைத் தம்பி பாலைவனம் என்கிறார். மார்கழியில் வாசலெல்லாம் வெள்ளம் நிற்கிற இடத்தில் ஏது ராசா பாலைவனம்? அது மரம்.

பட்டையில் ஒரு கீறல் போட்டாலே பால் வடிகிற மரம். இலுப்பை, மகிழம், கடையில் வாங்குகிற சப்போட்டா எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பாலைக் கன்றை வளர்த்து அதன்மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவார்கள். மண்ணுக்குள் வேர் பாலையுடையது, மேலே காய்ப்பது சப்போட்டா, நல்ல கூட்டுத்தான்.

வைகாசி, ஆனி வெயிலில்தான் பழம் வரும். பார்த்தால் வேப்பம்பழம் மாதிரி, அதே அளவு, அதே மஞ்சள், உள்ளே பளபளவென்று மண்ணிறக் கொட்டை. ஆனால் வாயில் போட்டால் தேன். எனக்கு எட்டு வயதிருக்கும், ஒரு பேணி பழத்தை ஒரே இருப்பில் தின்றுவிட்டு, பால் பிசின் மாதிரி இறுகி இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ள, வாயைத் திறக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் முழித்துக்கொண்டு நின்றேன். அம்மம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு, "தின்ன முதல் பூச வேணும், மடையா" என்றா.

பழம் ஓரிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அதனால் மிஞ்சினதைப் பிழிந்து, வடித்து, சின்ன நெருப்பில் காய்ச்சிப் பாணியாக்குவார்கள். தண்ணீர் வற்றி இறுகிவிட்டால் பாணி மாதக்கணக்கில் கெடாது. வெயிலில் காயவைத்தும் வைப்பார்கள்.

அப்புறம் மரம். வைரம் பாய்ந்த பாலைக் கட்டையைக் குளத்தில் போட்டால் மிதக்காது, தாழும், அவ்வளவு பாரம். நெல்லுக் குற்றுகிற உலக்கை, வீட்டுத் தூண், ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை என்று எல்லாவற்றுக்கும் இதைத்தான் தேடினார்கள். தேடித் தேடித்தான் பெரிய மரங்கள் குறைந்தன, ஏனென்றால் இது மிக மெதுவாக வளரும், இன்றைக்கு நட்டால் வைரம் பார்க்கப்போவது உங்கள் பேரப்பிள்ளைகள். இந்த அழகில், பழம் எட்டவில்லை என்று கொப்பையே வெட்டி விழுத்துகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழே சாக்கை விரித்துவிட்டுக் கொப்பை உலுப்பினால் போதாதா?

இன்னொன்று, காட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். கரடிக்கு இந்தப் பழம் என்றால் உயிர், மரத்திலேயே ஏறி இருந்து தின்னும். நீங்கள் கீழே நின்று உலுப்ப, மேலிருந்து யார் இறங்குவார் என்று சொல்ல முடியாது!

சரி, ஒரு பை பழம் கொண்டுவந்திருக்கிறேன். எண்ணெய்ப் போத்தல் அந்த மேசையில் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டு வரிசையில் வாருங்கோ.