எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய்?

நேயர்களுக்கு வணக்கம். மதுரைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்துக்கொண்டே, சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காகத்தான் இன்று பேசுகிறேன். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். எந்த எஞ்சின் போடலாம், எத்தனை குதிரைத்திறன் என்று மணிக்கணக்கில் பேசுவீர்கள், அந்த எஞ்சின் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதையும் அதே ஆர்வத்தோடு பேசுங்கள்.

எஞ்சின் நின்றதும் விமானம் அப்படியே விழுந்துவிடாது. உடனே மூக்கைத் தாழ்த்தி, அந்த விமானத்துக்குரிய சறுக்கு வேகத்தை, அதாவது எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகிற வேகத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வடிவு நன்றாக அமைந்த சின்ன விமானம் தன் உயரத்தைப் போல 8, 9 மடங்கு தூரம் போகும், அதாவது 300 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றில்லாத நாளில், இரண்டரை கிலோமீட்டர். துணியும் கம்பியுமாகக் கட்டியதற்கு அவ்வளவு வராது.

ஆபத்து எங்கே என்றால், புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுபோய், ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று மனசு இழுக்கிறதே, அங்கேதான். உயரத்தை விடாமல் 45 பாகை சாய்த்துத் திருப்பினால், இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகிற வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடும். அரைவட்டம் அடித்தாலும் பாதைக்கு நேராக வந்துவிட மாட்டீர்கள், இன்னும் வளைந்து மறுபடி ஒடிக்க வேண்டும். அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள்வதற்கு இடமே கிடையாது. இந்த உயரத்துக்குக் கீழே நான் திரும்பவே மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் தரையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, நேரே போய் எங்கே இறக்குவது? வறண்ட கண்மாய் மேலிருந்து மைதானமாகத் தெரியும், கிட்டே போனால்தான் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பது தெரியும். தண்ணீர் கட்டிய நடவு வயல் சக்கரத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். சோழவந்தான் பக்கம் அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கிற காய்ந்த வயல் எவ்வளவோ மேல், ஆனால் வரப்பை ஒட்டி நீளவாக்கில் இறங்க வேண்டும், குறுக்கே போனால் முதல் வரப்பிலேயே சக்கரம் போய்விடும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளும் உண்டு. மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாளில் செங்கல் சூளைப் புகையே திசை சொல்லிவிடும், அதற்கு எதிர்முகமாக இறங்குங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடுவதற்குப் பதில் 70இல் தொட்டால் மோதுகிற ஆற்றல் பாதிதான். இறக்கை போனால் போகட்டும், வேறு செய்துகொள்ளலாம், நீங்கள் உட்கார்ந்திருக்கிற கூடு முழுசாக நின்றால் போதும்.

அப்புறம், இதில் பாதி வேலை ஒர்க்‌ஷாப்பிலேயே முடிந்துவிடுகிறது. 1997 அக்டோபரில் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய லாங் ஈஸி விமானத்தைப் புதிதாக வாங்கி ஓட்டியபோது கலிஃபோர்னியா கடலில் விழுந்து இறந்துபோனார். கட்டியவர், டேங்க் மாற்றுகிற வால்வை வரைபடப்படி முன்னால் வைக்காமல், ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருகப் பார்க்கையில் தெரியாமல் வலது ரடர் மிதி, அதாவது வாலில் இருக்கிற திசைத் துடுப்பைத் திருப்புகிற மிதி, அழுந்தி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதுதான் விசாரணையின் முடிவு. எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள்! உங்கள் விமானத்தில், சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வால்வை எட்டித் திருகிப் பாருங்கள். உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தால் வால்வை இடம் மாற்றுங்கள். அடுத்து, ஏறும்போது இருக்கிற அளவுக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு கேனில் பிடித்து அளந்து பாருங்கள். பம்ப் இல்லாமல் தானாக இறங்குகிற அமைப்பு என்றால், முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கிற எஞ்சினுக்கு 40 லிட்டராவது வந்தாக வேண்டும்.