நியமன உத்தரவில் இருக்கிறது சூட்சுமம்: ஐ.நா. பணியாளர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

அவையோர்க்கு வணக்கம்.

ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவு கறாரானது. செயலகப் பணியாளர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ வாங்கவோ கூடாது. 101ஆம் பிரிவு, ஆள் எடுக்கும்போது திறமையும் நேர்மையும் முதலில், கூடுமானவரை பல நாடுகளிலிருந்தும் எடுப்பது அடுத்து என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பணியாளர் கோப்பில் எவ்வளவு துணிந்து எழுதுவார் என்று தெரிய வேண்டுமானால், சாசனத்தை மூடிவைத்துவிட்டு அவருடைய நியமன உத்தரவைப் பாருங்கள்.

1919இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தின் முதல் பொதுச்செயலாளராக எரிக் டிரம்மண்ட் வந்தார். ஒவ்வொரு நாடும் தன் அதிகாரிகளைத் தன் செலவில் அனுப்பிவைக்கும் ஏற்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. சங்கமே நியமிக்கும், சங்கமே சம்பளம் தரும் என்றார். எவ்வளவு தருவது? 1921இல் நோபிள்மேர் குழு விடை சொன்னது: அதிகச் சம்பளம் தரும் நாட்டின் அரசு ஊழியரை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்டிலிருந்து நல்ல ஆள் வரமாட்டார். அன்று அளவுகோல் பிரிட்டன். இன்று அமெரிக்க மத்திய அரசு ஊழியர். அவரைவிட நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. அதிகாரிக்கு நிகரச் சம்பளம் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்கலாம்.

சோவியத் யூனியன் நெடுங்காலம் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. அதன் ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் அயற்பணியில், குறித்த காலத்துக்கு மட்டும் வருவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை அரசிடம் திருப்பிக் கட்டுவார்கள். அமெரிக்கா மட்டும் யோக்கியமா? கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தில், விசாரணைக் குழுக்களிடம் பதில் சொல்ல மறுத்த அமெரிக்கப் பணியாளர்களைப் பொதுச்செயலாளர் டிரிக்வே லீ வேலையைவிட்டே அனுப்பினார். ஐ.நா. நிர்வாகத் தீர்ப்பாயம் பலருக்கு இழப்பீடு வழங்கியது. கொடுக்க மாட்டோம் என்று மறுக்கப் பொதுச்சபைக்கு உரிமை இல்லை என்று 1954இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. பணியாளருக்கு அன்று கிடைத்த கவசம் அது ஒன்றுதான்.

இப்போது நாடுவாரிப் பங்கீட்டுக்கு வருவோம். ஒதுக்கீடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு வரம்புக் கணக்கு. கணக்கில் 3,000 பதவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம், அதாவது 1,200, உறுப்பினர் என்ற முறையில் 193 நாடுகளுக்கும் சமமாகப் பிரியும்; தலைக்கு ஆறு சொச்சம். 5 சதவீதம், 150, மக்கள்தொகைப்படி. இந்தியாவுக்கு ஏறக்குறைய 27. மீதி 55 சதவீதம், 1,650, கட்டும் சந்தாவின்படி. இந்தியாவின் பங்கு 1.1 சதவீதம், ஆகவே 18. மொத்தம் 51. இதற்கு மேலும் கீழும் 15 சதவீதம் விட்டால் 43 முதல் 59 வரை இந்தியாவின் வரம்பு. சந்தாவில் 22 சதவீதம் கட்டும் அமெரிக்காவுக்கு அந்த ஒரு வகையிலேயே 363 வந்துவிடும். பணம்தான் கணக்கில் பெரும்பங்கு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. 2000இல் சீனாவின் சந்தா 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, இன்று 20. வரம்பும் கூடவே ஏறிவிட்டது, ஆனால் ஆட்களை அந்த வேகத்தில் எடுக்க முடியவில்லை.

இந்தக் கணக்கில் சேராதவைதான் அதிகம். மொழிபெயர்ப்பாளர்கள் சேரமாட்டார்கள். அமைதிப்படைச் செலவில் வருபவர்களும், எழுத்தர் நிலையிலுள்ள ‘ஜி’ பிரிவினரும் சேரமாட்டார்கள். செயலகத்தின் முப்பத்தைந்தாயிரம் சொச்சம் பேரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இந்தக் கணக்கே பொருந்துகிறது.

பக்கவாசல்களும் உண்டு. 1990களில் அமைதிப்படைத் துறைக்குப் பணக்கார நாடுகள் ராணுவ அதிகாரிகளைச் ‘சும்மா’ கொடுத்தன. சம்பளம் அந்தந்த அரசுடையது. துறையில் இவர்கள் நூற்றுக்கும் மேல் பெருகியதும் வளரும் நாடுகள் கொதித்தன. 1997இல் பொதுச்சபை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் இளநிலை அதிகாரித் திட்டம் இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் தன் நாட்டு இளைஞருக்கு அந்த அரசே இரண்டு மூன்று ஆண்டு செலவு செய்யும். அனுபவம் சேர்ந்ததும் அவர் அதிகாரி நிலையின் கீழ்ப்படிகளான பி-2, பி-3 பதவிக்குப் போட்டியிடுவார். அப்படி ஒரு அரசு கிடைக்காத நாட்டு இளைஞர், 32 வயதுக்குள் இளம் வல்லுநர் தேர்வு எழுத வேண்டும். அதுவும் அந்த ஆண்டு அவர் நாடு பட்டியலில் இருந்தால்தான்.

2009 ஜூலை முதல் நிரந்தர நியமனம் கிடையாது. தற்காலிகம் ஓராண்டுக்குள், குறித்த காலம் ஓராண்டு முதல் ஐந்தாண்டு, ஐந்தாண்டு முடித்தவருக்கு முடிவுத் தேதி இல்லாத தொடர் நியமனம், அதுவும் புள்ளி பார்த்து, எண்ணிக்கைக்கு உட்பட்டு. ஆள்குறைப்பு வந்தால் யாரை வைத்துக்கொள்வது என்பதில் இந்த வேறுபாடு பல்லைக் காட்டும். தொடர் நியமனக்காரர் முதலில், தேர்வெழுதி வந்தவர் அடுத்து, குறித்த காலத்தார் கடைசி. பணமுடை முற்றி, 2025இல் செயலகப் பதவிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைக் குறைக்கத் திட்டமிட்டபோது எல்லோரும் தேடி எடுத்துப் படித்த விதி அதுதான்.

குறித்த கால நியமனம் தானாக முடிந்தால் பணிநீக்க இழப்பீடும் இல்லை. நீட்டிப்பு கேட்க உரிமையும் இல்லை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிற ஒரு பி-4 அதிகாரி, அக்டோபரில் தன் நாட்டைப் பற்றிய அறிக்கையின் வரைவைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அவர் நாட்டுத் தூதுக்குழுவிலிருந்து போன் வருகிறது. அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை; “உங்கள் எக்ஸ்டென்ஷன் விஷயமாக நாங்கள் யாரிடமாவது பேச வேண்டுமா?” என்று மட்டும் விசாரிக்கிறார்கள்.